கில்கெனி ஊரும் கோட்டையும் இருக்கும் பழைய ஓவியம்: எதை நம்பலாம், வயதை எப்படிக் கணிப்பது?

கேள்வி இதுதான். ஓர் ஏலக் கேட்லாகில் 'கில்கெனி நகரக் காட்சி, ஐரிஷ் ஸ்கூல்' என்று மட்டும் போட்டிருந்த ஓர் எண்ணெய் ஓவியத்தைப் பார்த்திருக்கிறீர்கள். இடது ஓரத்தில் இருட்டாக ஒரு பெரிய மரம், முன்னால் மாடுகள், நடுவில் ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேட்டின் மேல் கோட்டை, அதன் கோபுர உச்சிகள் பல் பல்லாக இருக்கின்றன. அப்புறம் பல வளைவுகள் கொண்ட கல் பாலம், வீடுகள். வலப்பக்கம் தூரத்தில் ஒல்லியாக ஒரு கோபுரமும் நீளமான ஒரு தேவாலயமும். கையெழுத்து இல்லை, தேதி இல்லை. ஊர் உண்மையிலேயே இப்படி இருந்ததா, ஓவியர் தன் இஷ்டத்துக்கு வரைந்தாரா, எந்தக் காலத்துப் படம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறீர்கள்.

முதலில் சுருக்கமான பதில். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பதைப் பெரும்பாலும் நம்பலாம். இந்தப் பக்கம் இருக்கும் மரத்தையும் மாட்டையும் நம்பத் தேவையில்லை. நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், படம் காட்டும் ஊர் ஏறத்தாழ 1830க்கும் 1850களுக்கும் இடைப்பட்ட கில்கெனி. வரைந்ததும் அப்போதேதானா என்பது தனிக் கேள்வி, அதற்குக் கடைசியில் வருகிறேன். எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த ஊரின் மேல் எனக்குப் பிரியம் அதிகம். தவிர, இதே முறையில் எந்த ஐரிஷ் ஊர்க் காட்சியையும் நீங்களே பார்க்கலாம்.

'ஐரிஷ் ஸ்கூல்' என்று ஏலக்காரர்கள் போடுவது ஒரு பள்ளிக்கூடத்தைக் குறிப்பதில்லை. வரைந்தவர் யாரென்று தெரியவில்லை, அயர்லாந்தில் வேலை செய்த ஒருவராக இருக்கலாம் என்று அர்த்தம். இன்னாருடையதாகக் கருதப்படுவது, இன்னாரின் வட்டத்தைச் சேர்ந்தது, இன்னாரைப் பார்த்து வரைந்தது என்று கேட்லாகில் படிப்படியாக இறங்கும் சொற்கள் உண்டு. ஸ்கூல் என்பது அந்தப் படிக்கட்டின் அடியில் இருக்கிறது. அதைப் பார்த்து ஏமாற்றம் வேண்டாம். அயர்லாந்தின் பழைய ஊர்க் காட்சிகளை வரைந்தவர்களில் வெளியூர்க்காரர்கள் நிறையப் பேர். வாட்டர்ஃபோர்டு நகராட்சி 1736இல் தன் நகரத்தை வரையச் சொல்லிக் காசு கொடுத்தது வில்லியம் வான் டெர் ஹாகன் என்ற டச்சுப் பெயர் கொண்ட ஓவியருக்கு. 1750களில் ட்ரொஹெடா ஊரை வரைந்த கப்ரியேலே ரிச்சார்தெல்லி இத்தாலியின் நேப்பிள்ஸ்காரர். டப்ளினில் இயங்கும் ஓவியர் சங்கமான ராயல் ஹைபர்னியன் அகாதமியின் முதல் தலைவரான வில்லியம் ஆஷ்ஃபோர்டு பிறந்தது இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில். அதே சமயம் டப்ளின்காரரான ஜார்ஜ் பாரெட் லண்டனுக்குப் போய் அங்கே ராயல் அகாதமியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். வாட்டர்ஃபோர்டில் பிறந்த தாமஸ் ராபர்ட்ஸ் முப்பது வயதைத் தொடுவதற்கு முன் 1777இல் லிஸ்பனில் இறந்துபோனார். எனவே பெயரைத் தேடி அலைவதைவிட, படத்துக்குள் இருப்பதைப் படிப்பது பலன் தரும்.

படிக்க ஆரம்பிக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான்: ஓவியர் எங்கே நின்றார்? அது தெரிந்துவிட்டால் மற்றவை ஒவ்வொன்றாகப் பிடிபடும்.

கில்கெனி அயர்லாந்தின் தென்கிழக்கில் நோர் ஆற்றங்கரையில் இருக்கிறது. 1609இல் கிடைத்த சாசனத்தால் அது பெயரளவில் நகரம், அளவில் இன்றும் சிறிய ஊர்தான். பழைய ஊர் முழுக்க ஆற்றின் மேற்குக் கரையில் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. தென்கோடியில், ஆற்றை ஒட்டிய மேட்டில் கோட்டை. வடகோடியில் இன்னொரு மேட்டில் புனித கேனிஸ் பேராலயமும் அதன் பக்கத்தில் சுமார் 30 மீட்டர் உயரமுள்ள வட்டக் கோபுரமும். இரண்டையும் ஒரு நீண்ட தெரு இணைக்கிறது. உங்கள் படத்தில் கோட்டை இடப்பக்கம், வட்டக் கோபுரம் வலப்பக்கம், நடுவில் ஆறு. அப்படியென்றால் ஓவியர் கிழக்குக் கரையில், ஆற்றோட்டத்தில் ஊருக்குக் கொஞ்சம் கீழே, உயரமான ஓரிடத்தில் நின்று வடமேற்கைப் பார்த்திருக்கிறார்.

அப்படி ஓரிடம் அங்கே உண்டு, அதன் பெயர் விண்ட்கேப் ஹில். ஊரை முழுதாகப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது என்று ரொம்பக் காலம் முன்பே கண்டுகொண்டார்கள். யார்க் நகரைச் சேர்ந்த ஃபிரான்சிஸ் பிளேஸ் என்பவர் 1698, 1699 வாக்கில் ட்ரொஹெடா, டப்ளின், கில்கெனி, வாட்டர்ஃபோர்டு என்று அயர்லாந்தைச் சுற்றி வந்தார். வசதியான குடும்பத்தவர், வயிற்றுப்பாட்டுக்காக வரைய வேண்டிய நிலையில் இல்லாதவர். பேனா மையும் நீர்த்த வண்ணமும் வைத்துக்கொண்டு இந்த மேட்டிலிருந்து கில்கெனியையும் கோட்டையையும் அகலமாக வரைந்தார். ஐரிஷ் ஊர்கள் அந்தக் காலத்தில் எப்படி இருந்தன என்பதற்குக் கண்ணால் பார்த்து வரைந்த சாட்சிகள் மிகவும் குறைவு, அதனால் அவர் வரைந்த தாள்களுக்கு மதிப்பு அதிகம். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் பலரும் அதே திசையிலிருந்தே ஊரைப் பார்த்தார்கள். உங்கள் ஓவியரும் அந்த வரிசையில் வருகிறார்.

அந்தக் கோணம் அழகுக்காக மட்டும் பிடித்துப்போன ஒன்றல்ல என்று நினைக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் ஊரின் அதிகார அமைப்பே கண்ணுக்குத் தெரிகிறது. கில்கெனி பல நூற்றாண்டுகள் ஒரே ஊராக இருக்கவில்லை. கோட்டைப் பக்கம் நார்மன் பிரபுவின் ஊர், வணிகர்கள் குடியேறிய ஊர். பேராலயத்தைச் சுற்றி பிஷப்பின் ஆளுகையில் இருந்தது ஐரிஷ்டவுன். நடுவில் பிரெகா என்ற சின்ன ஓடை எல்லை. இங்கே கூடிய பாராளுமன்றம்தான் 1366இல் சட்டங்கள் போட்டு, ஆங்கிலேயக் குடியேறிகள் ஐரிஷ் பேசக் கூடாது, ஐரிஷ்காரர்களோடு மணவுறவு கூடாது என்றெல்லாம் தடை விதித்தது. அதே ஊர் 1642 முதல் 1649 வரை, ஐரிஷ் கத்தோலிக்கப் பிரபுக்களும் குருமார்களும் சேர்ந்த கத்தோலிக்கக் கூட்டமைப்பின் தலைநகராக இருந்து, கிட்டத்தட்ட தனி அரசு நடத்தியது. ஓர் ஓவியர் இந்த இரண்டு முனைகளில் எதற்கு அதிக வெளிச்சமும் பெரிய அளவும் கொடுக்கிறார் என்று பாருங்கள். கோட்டை கிட்டே இருக்கிறது, பெரிதாகத் தெரிவது இயல்பு. ஆனால் பேராலயப் பக்கம் நீல மூட்டத்தில் கரைந்து, கோட்டை மட்டும் செதுக்கி வைத்தாற்போல் துலக்கமாக இருந்தால், படம் யார் வீட்டுச் சுவருக்கு, அல்லது யாரை மதிப்பவர் வீட்டுச் சுவருக்கு வரையப்பட்டது என்று ஊகிக்கலாம்.

சரி, கோட்டைக்கு வருவோம். வயதைக் கணிக்க இதுதான் பெரிய உதவி.

ஸ்ட்ராங்போ என்று அழைக்கப்பட்ட நார்மன் பிரபு ரிச்சர்டு டி கிளேர் 1170களின் தொடக்கத்தில் இங்கே மரத்தாலான கோட்டை போட்டார். அவருடைய மருமகன் வில்லியம் மார்ஷல் பன்னிரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் கல்கோட்டையைத் தொடங்கி, அடுத்த நூற்றாண்டின் முற்பகுதியில் முடித்தார். சதுரமாக நான்கு சுவர், நான்கு மூலையிலும் பருத்த உருண்டைக் கோபுரங்கள். 1391இல் ஆர்மண்டு பிரபுவான ஜேம்ஸ் பட்லர் இதை விலைக்கு வாங்கினார். அதன்பிறகு 1930கள் வரை, ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, பட்லர் குடும்பத்தின் இருப்பிடம் இதுதான். 1650 மார்ச்சில் இங்கிலாந்திலிருந்து வந்த கிராம்வெல்லின் படை ஊரை முற்றுகையிட்டபோது பீரங்கியால் ஒரு பக்கம் சேதமானது. பிறகு அந்தப் பக்கத்துச் சுவரும் ஒரு கோபுரமும் இல்லாமலே போயின. இன்று கோட்டை மூன்று பக்கக் கட்டடம், மூன்று கோபுரம். பூங்காவைப் பார்த்த பக்கம் திறந்து கிடக்கிறது. நான்கு கோபுரமும் நான்கு சுவருமாக ஒரு படம் இருந்தால் ஓவியர் கற்பனையில் கட்டிக்கொடுத்திருக்கிறார் என்று தயங்காமல் சொல்லலாம்.

இதற்கு அடுத்து வரும் இரண்டு மாற்றங்கள்தான் உங்களுக்குத் தேவை. முதலாவது: பிரான்சில் நாடுகடந்து வாழ்ந்து திரும்பிய முதலாம் ஆர்மண்டு டியூக், 1660க்குப் பிறகு கோட்டையை பிரெஞ்சு மாளிகை பாணியில் மாற்றினார். உயரமான கூரை, கோபுரங்களின் தலையில் தொப்பி போன்ற கூரைகள், பெரிய ஜன்னல்கள். பிளேஸ் 1699இல் பார்த்தது இந்தக் கோட்டையை. போர்க்காலக் கோட்டையின் முரட்டுத்தனம் போய், அரண்மனையாக மாறியிருந்த கட்டடம். இரண்டாவது: 1826இல் தொடங்கி, கில்கெனியிலேயே வாழ்ந்த கட்டடக் கலைஞர் வில்லியம் ராபர்ட்சன் கோட்டையை மறுபடி மத்தியகாலத் தோற்றத்துக்குத் திருப்பினார். டியூக்கின் கூரைகள் போய், மதில் உச்சியும் கோபுர உச்சியும் பல் பல்லாக வெட்டிய விளிம்போடு வந்தன. இன்று சுற்றுலாப் பயணிகள் எட்டு நூற்றாண்டுப் பழமை என்று வியந்து படம் எடுக்கும் அந்த வெளித்தோற்றம் பெரும்பாலும் ராபர்ட்சனுடையது. உள்ளே இருக்கும் கோபுரச் சுவர் மட்டும் மார்ஷலின் காலத்தது.

ஆக, கோபுரத் தலையில் கூரைத் தொப்பி இருந்தால் படம் காட்டும் காலம் ராபர்ட்சனுக்கு முந்தையது. பல் விளிம்பு இருந்தால் அவருக்குப் பிந்தையது. உங்கள் படத்தில் பல் விளிம்பு. கீழ் எல்லை கிடைத்துவிட்டது.

மேல் எல்லைக்கு வான்விளிம்பைப் பாருங்கள், அதாவது ஊரின் கூரைகள் வானத்தோடு சேரும் இடத்தை. இன்று விண்ட்கேப் பக்கமிருந்து பார்த்தால் கோட்டைக்கும் பேராலயத்துக்கும் நடுவில் உயரமாக ஒரு சதுரக் கோபுரம் எழுந்து நிற்கும். அது கத்தோலிக்கர்களின் புனித மேரி பேராலயம். 1843இல் வேலை தொடங்கி 1857இல் திறந்தார்கள், கோபுரம் 57 மீட்டர் அளவு. அயர்லாந்தில் கத்தோலிக்கர்கள் மேல் இருந்த சட்டத் தடைகள் 1829இல் பெரும்பாலும் நீங்கிய பிறகு, ஊருக்கு ஊர் இப்படி உயரமான ஆலயங்கள் எழும்பின. அந்தக் கோபுரம் வந்தபின் ஊரை எந்தப் பக்கமிருந்து வரைந்தாலும் அதைத் தவிர்க்க முடியாது. உங்கள் வர்ணனையில் வலப்பக்கத்து ஒல்லிக் கோபுரம் ஒன்றுதான் வருகிறது. அது புனித கேனிஸின் பழைய வட்டக் கோபுரம். நடுவில் வேறு உயரக் கோபுரம் இல்லையென்றால் படத்திலுள்ள ஊர் 1857க்கு முந்தையது. வேண்டுமென்றே விட்டுவிட்டிருக்கலாமே என்று கேட்கலாம். பழமையை விரும்பி வாங்குபவர்களுக்காகப் புதுக் கட்டடங்களை மறைத்த ஓவியர்கள் உண்டுதான். ஆனால் ராபர்ட்சனின் புதுக் கோட்டையை அப்படியே வரைந்த ஒருவர் ஆலயத்தை மட்டும் மறைத்திருப்பார் என்பதற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

பாலம் இன்னொரு சாட்சி. 1763 அக்டோபரில் நோர் ஆற்றில் வந்த பெருவெள்ளம் கில்கெனியின் இரண்டு பாலங்களையும் அடித்துக்கொண்டு போனது. கோட்டைக்குப் பக்கத்தில் இருந்தது ஜான்ஸ் பிரிட்ஜ், மேலே பேராலயப் பக்கம் கிரீன்ஸ் பிரிட்ஜ். கிரீன்ஸ் பிரிட்ஜை 1766இல் ஜார்ஜ் ஸ்மித் ஐந்து வளைவுகளோடு கட்டினார். இத்தாலியின் ரிமினியில் இருக்கும் ரோமானியப் பாலத்தைப் பின்பற்றிய வடிவம், இன்றும் நிற்கிறது, அயர்லாந்தின் அழகான பாலங்களில் ஒன்று என்பேன். ஜான்ஸ் பிரிட்ஜும் அதையடுத்து கல்லால் திரும்பக் கட்டப்பட்டது. ஆனால் அதை 1910இல் எடுத்துவிட்டு, இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட்டில் ஒரே வளைவாகப் புதுப் பாலம் போட்டார்கள். கோட்டைக்குப் பக்கத்தில் ஒற்றை வளைவுப் பாலம் தெரிந்தால் படம் இருபதாம் நூற்றாண்டு. உங்கள் படத்தில் பல வளைவு. கோட்டை சொன்னதோடு இது ஒத்துப்போகிறது, புதிதாக எதையும் சொல்லவில்லை. கேட்லாக் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க முடிந்தால், பாலத்துக்கு வலப்பக்கம், கிழக்குக் கரையில், ஆற்றைப் பார்த்தபடி வரிசை ஜன்னல்களோடு ஒரு பெரிய கட்டடம் இருக்கிறதா என்று தேடுங்கள். 1780களில் எழுந்த கில்கெனி காலேஜ் கட்டடம் அது, இப்போது கவுண்டி அலுவலகம்.

ஒளியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் ஓவியர் நேரில் நின்று வரைந்தாரா என்று பார்க்க இது நல்ல சோதனை. கோட்டையின் ஆற்றுப் பக்கச் சுவர் வடகிழக்கைப் பார்த்தது. கில்கெனி இருப்பது வட அட்சரேகை 52 டிகிரிக்கும் மேலே. அந்த அட்சரேகையில் சூரியன் ஜூனில் வடகிழக்கில் உதிக்கும், டிசம்பரில் தென்கிழக்கில் உதிக்கும். அதனால் அந்தச் சுவரில் நேர் வெயில் விழுவது பெரும்பாலும் காலையில்தான், அதுவும் கோடையில் அதிக நேரம். மாலையில் சூரியன் கோட்டைக்குப் பின்னால் போய்விடும். கிழக்குக் கரையில் நிற்பவருக்குக் கோட்டை இருண்ட உருவமாகவும், அதன் விளிம்பு மட்டும் ஒளிர்ந்தும் தெரியும். உங்கள் படத்தில் ஆற்றுப் பக்கச் சுவர் பொன்னிறமாக மின்னுகிறதா? மாடுகளை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பும் ஆட்கள் இருக்கிறார்களா? இரண்டும் சேர்ந்து இருந்தால் வெளிச்சம் ஸ்டூடியோவில் சேர்த்தது. அதில் குற்றம் ஒன்றும் இல்லை. கட்டட விவரத்தை இடத்தில் நின்று பென்சிலால் குறித்துக்கொண்டு, வண்ணத்தை அறைக்குள் உட்கார்ந்து தீட்டுவதுதான் அந்தக் கால வழக்கம். வண்ணத்தை ட்யூபில் அடைத்து விற்பதே 1841இல்தான் வந்தது.

அந்த வட்டாரத்து ஒளி உண்மையிலேயே தெளிவானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கில்கெனியைப் பற்றி ஒரு பழைய சொல்வழக்கு உண்டு: புகையில்லாத நெருப்பு, மூடுபனி இல்லாத காற்று, சேறில்லாத தண்ணீர், சதுப்பில்லாத நிலம், மார்பிள் பாவிய தெருக்கள். புகையில்லாத நெருப்பு பக்கத்து கேசில்காமர் சுரங்கத்தின் ஆந்திரசைட் நிலக்கரி. மார்பிள் என்பது மெருகேற்றினால் பளபளவென்று கறுக்கும் உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல். வில்லியம் காலிஸ் என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஊருக்குக் கீழே நோர் ஆற்றின் நீர்விசையால் ஓடும் ரம்பத்தை வைத்து இந்தக் கல்லை அறுத்தார். ஊர்ப்பெருமை பேசும் வழக்கில் மிகை இல்லாமல் இருக்காது. என்றாலும், புகை மண்டிய தொழில் நகரங்களை வரைந்த ஓவியர்களுக்குக் கிடைக்காத துலக்கம் இங்கே வரைந்தவர்களுக்குக் கிடைத்தது. உங்கள் படத்தில் வானம் பச்சை கலந்த மஞ்சளாக மங்கியிருந்தால் அது கில்கெனியின் வானம் அல்ல, மேலே பூசிய வார்னிஷ் வயதாகிப் பழுத்திருக்கிறது.

இனி, நம்பத் தேவையில்லை என்று சொன்ன முன்பகுதி. இடது ஓரம் இருண்ட மரம், முன்னால் பழுப்பு நிலம், நடுவில் பசுமை, தூரத்தில் நீலம் என்ற அடுக்கு, பதினேழாம் நூற்றாண்டில் ரோமில் வரைந்த கிளோட் லொரெய்னின் படங்களிலிருந்து வந்தது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நிலம் வைத்திருந்த பிரபுக்கள் இத்தாலிக்குப் போய் அந்தப் படங்களை விரும்பி வாங்கிவந்தார்கள். தங்கள் நிலமும் அப்படித் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். மரம் கண்ணை ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளும், மாடு அளவு காட்டும். மரம் எந்த வகை என்று தெளிவில்லாமல் பொதுவான இலைக்கொத்தாக இருந்தால் அது இந்த வழக்கத்தின் மரம்.

ஆனால் மாடு மேய்க்கும் அந்த இரண்டு மூன்று ஆட்களைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இப்படிப்பட்ட படங்களில் மனிதர்கள் எப்போதும் ஓய்வாக, வயிறார உண்டவர்களாக இருப்பார்கள். ஊரின் ஓரங்களில் இருந்த கூரைக் குடிசைகள் ஒன்றிரண்டாகக் குறைந்து, ஒரு மரத்துக்குப் பின்னால் போய்விடும். உங்கள் படம் காட்டும் காலம் நான் கணித்தபடி 1830 முதல் 1850கள் வரை என்றால், உருளைக்கிழங்குப் பஞ்சத்தின் ஆண்டுகள் அதற்குள் வருகின்றன. ஓவியர் நின்ற அதே கிழக்குக் கரையில்தான், இன்றைய ரயில் நிலையத்தின் பக்கத்தில், 1842இல் திறந்த ஏழைகள் விடுதி இருந்தது. 2006 வாக்கில் அங்கே வணிக வளாகம் கட்டத் தோண்டியபோது குறைந்தது 970 பேரின் எலும்புகள் கிடைத்தன. 1847க்கும் 1851க்கும் இடையில் இறந்து, கல்லறைத் தோட்டத்தில் இடமில்லாமல் விடுதி வளாகத்துக்குள்ளேயே குழிகளில் புதைக்கப்பட்டவர்கள். அவர்களில் பெரும் பகுதியினர் குழந்தைகள். புனித மேரி பேராலயத்தின் கற்களை ஏற்றிக்கொண்டிருந்ததும் இதே ஆண்டுகளில்தான். இதெல்லாம் படத்தில் தெரியாது. ஓவியர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. நிலக்காட்சி ஓவியத்தை வாங்கியவர்கள் எதைப் பார்க்க விரும்பினார்களோ அதற்குள் இவர்கள் இல்லை. படத்தை வாங்கினாலும் வாங்காவிட்டாலும், இதைத் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கடைசியாக, நான் ஒத்திப்போட்ட கேள்வி: ஊர் 1840களின் ஊராக இருக்கிறது, படமும் அப்போதே வரைந்ததா? இங்கேதான் கவனம் தேவை. அந்தக் காலத்தில் ஐரிஷ் ஊர்க் காட்சிகள் அச்சுப் படங்களாக நிறைய வெளிவந்தன. 1790களில் ஃபிரான்சிஸ் குரோஸின் தொகுப்பு, 1840களின் தொடக்கத்தில் வில்லியம் ஹென்றி பார்ட்லெட் வரைய, மற்றவர்கள் எஃகுத் தகட்டில் செதுக்கிய காட்சிகள் எல்லாம் வீடு வீடாகப் போயின. அவற்றைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் பெரிதாக்கி வரைந்தவர்கள் பல பத்தாண்டுகள் கழித்தும் இருந்தார்கள். அச்சுப் படத்தைப் பார்த்து வரைந்ததில் கோடுகள் சரியாக இருக்கும், ஆனால் கல்லின் நிறமும் கூரையின் நிறமும் ஊரோடு பொருந்தாது, அச்சில் நிறம் கிடையாதே. கில்கெனியின் கல் சாம்பல் நிறம். உங்கள் படத்தில் வீடுகளும் கோட்டையும் ஒரே காவியாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

வண்ணத்தையே சோதிக்கவும் முடியும். விரிடியன் என்ற பச்சை ஓவியர்கள் கைக்குப் பரவலாக வந்தது 1859க்குப் பிறகு. டைட்டானியம் வெள்ளை வந்தது 1920 வாக்கில். அசல் பூச்சில், பின்னால் செய்த பழுதுபார்ப்பில் அல்ல, டைட்டானியம் இருந்தால் பேச்சே முடிந்தது, படம் இருபதாம் நூற்றாண்டு. ஆனால் இதற்குப் பரிசோதனைச் செலவு உண்டு. பெயரில்லாத ஓவியத்துக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகுமா என்று யோசித்துச் செய்யுங்கள்.

அதற்கு முன், செலவே இல்லாத ஒன்று இருக்கிறது. ஏலக்காரருக்கு எழுதி, படத்தின் பின்பக்கத்தைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கேட்டால் அனுப்புவார்கள், இது சாதாரண வேண்டுகோள்தான். கேன்வாஸ் விற்ற கடையின் முத்திரை இருக்கலாம். உதாரணமாக வின்சர் அண்ட் நியூட்டன் முத்திரை இருந்தால், அந்தக் கடை 1832இல் தொடங்கியது, கேன்வாஸ் அதற்கு முன்னால் போகாது. முத்திரையிலுள்ள முகவரியை வைத்து இன்னும் நெருக்கலாம். பழைய கேன்வாஸுக்குப் பின்னால் புதுத் துணி ஒட்டியிருந்தால் முத்திரை மறைந்துபோயிருக்கும், அப்போது சட்டத்தின் ஆணிகளையும் பழைய ஏலச் சீட்டுகளையும் பாருங்கள். 1935இல் கோட்டைக்குள் இருந்த பொருள்களை ஏலம் விட்டபோது பட்லர் குடும்பத்துச் சாமான்கள் பல கைகளுக்குப் போயின, ஆகவே ஒட்டியிருக்கும் எந்தச் சீட்டையும் அலட்சியப்படுத்த வேண்டாம்.

ஊர் விவரத்தைச் சரிபார்க்க, ஜான் ரோக் 1758இல் அளந்து வரைந்த கில்கெனி வரைபடமும், 1830களில் அரசின் நில அளவைத் துறையான ஆர்டனன்ஸ் சர்வே ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் போட்ட வரைபடமும் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விண்ட்கேப் பக்கமிருந்து ஒரு கோடு இழுத்து, கோட்டையின் எந்தக் கோபுரம் எந்த வீட்டுக்கு நேராக விழுகிறது என்று பாருங்கள். நேரில் நின்று வரைந்தவருக்கு அந்தக் கோடுகள் பெரும்பாலும் சரியாக விழும். பின்பக்கப் படம் கிடைத்தால் இங்கேயே போடுங்கள், முத்திரையைப் படிக்க உதவுகிறேன்.